இளைப்பாறாத பத்து ஆண்டுகள்

அரச சேவையிலிருந்து விலகுவதை இலங்கைத் தமிழில் 'இளைப்பாறுதல்' என்று சொல்வது நெடுங்கால வழக்கு. இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய தபாலதிபர், இளைப்பாறிய நீதிமன்றப் பதிவாளர் என்று திருமண அழைப்பிதழ்களிலும் மரண அறிவித்தல்களிலும் இச்சொல் இன்றும் உலாவுகின்றது. தமிழகத்தவர் 'ஓய்வுபெற்ற' என்பர். எந்தச் சொல்லை எடுத்தாலும் கருத்து ஒன்றுதான். இளைத்தவர் ஆறுகிறார்; வேலை முடிந்தது; இனி அவரிடம் எவரும் எதையும் எதிர்பார்ப்பதற்கில்லை.

பத்திரிகைக் காரியாலயங்களில் பல காலம் இருந்தவர்களுக்கு சேவைநலன் பாராட்டு மலர்கள் பழக்கமான பொருள். மேசையில் அவை வந்து குவியும். ஆசிச் செய்தி, வாழ்த்துக் கவிதை, பொன்னாடை போர்த்தும் புகைப்படம், முப்பத்தைந்து ஆண்டுகாலச் சேவையின் பட்டியல் எல்லாம் இருக்கும். நாளைக் காலை எழுந்தவுடன் இம்மனிதர் என்ன செய்யப் போகிறார் என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இராது. இருந்தால், 'எஞ்சிய காலத்தை இறைபணியில் கழிக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம்' என்பதாக அது இருக்கும். எஞ்சிய காலம் என்பது இன்றைய ஆயுட் கணக்கில் சில வேளை இருபது ஆண்டுகள். கழிப்பதற்கு அது நீண்ட காலம்.

இவ்விடயத்தை எண்ணும்போது கண்டியிலிருந்து பேராதனைக்குச் செல்லும் எவருக்கும் கண்ணில் படும் ஒரு மலையும், அதன் அடிவாரத்தில் உள்ள ஒரு பெயர்ப்பலகையும் என் நினைவுக்கு வருவதுண்டு. மலை ஹந்தானை. பெயர்ப்பலகை அருணாசலம் மண்டபம்.

ஹந்தானை மலைத்தொடருக்கு இரண்டு முகங்கள் உண்டு. கண்டி நகரிலிருந்து ஹந்தானை வீதியால் ஏறினால் தேயிலைத் தோட்டம், லயங்கள், 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலை என்று ஒரு முகம். அந்தத் தொழிற்சாலைதான் 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கின்றது. மலையின் மறுபுறம் மகாவலிக்கு இறங்கும் சரிவில் பேராதனைப் பல்கலைக்கழகம். அதன் விடுதிகளும், விரிவுரை மண்டபங்களும், தமிழ் மாணவர் தலைமுறை தலைமுறையாக ஏறி இறங்கிய குறிஞ்சிக் குமரன் ஆலயமும் அப்பக்கத்தில். சிங்களச் சினிமாவும் சிங்களப் பாடலும் ஹந்தானையைக் காதலர்களின் மலையாக்கிவிட்டன. 1969இல் வெளிவந்த 'ஹந்தானே கதாவ' என்ற திரைப்படத்துக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொன்னாலே மாணவர் காலத்து ஞாபகங்கள்தான் பலருக்கு எழும். ஆனால் ஒரே மலையின் ஒரு பக்கம் கொழுந்து பறிப்போரும் மறுபக்கம் பட்டம் பெறுவோரும் இருப்பதில், அறுபது வயதில் பென்சன் எடுத்த ஒரு மனிதரின் கதை மறைந்து கிடக்கின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1853 செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர். தந்தை பொன்னம்பல முதலியார், தாய் செல்லாச்சி, மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி, அண்ணன்மார் குமாரசுவாமியும் இராமநாதனும். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடும்பம் என்பதை மறைப்பதில் பயனில்லை. கேம்பிரிட்ஜ் கிறைஸ்ற்ஸ் கல்லூரியில் பயின்று, 1875இல் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கையர் அவர். நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் பல ஊர்களில் இருந்தார். பின்னர் பதிவாளர் நாயகமானார். 1901ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவரும் அவரே. 1912இல் சட்டநிர்வாகக் கழகத்துக்கு நியமிக்கப்பட்டார். 1913இல் ஓய்வுபெற்றார். அதே ஆண்டில் சேர் பட்டம் கிடைத்தது. அப்போது வயது அறுபது. முப்பத்தெட்டு ஆண்டுச் சேவை.

நமது மலர்களின் கணக்குப்படி கதை இங்கே முடிந்துவிட வேண்டும். பட்டம், பதவி, பென்சன், கொழும்பில் வீடு, படிப்பதற்குத் திருவாசகம், கடிதம் எழுதுவதற்கு எட்வேர்ட் காப்பென்டர் போன்ற கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர். ஒரு மனிதர் கௌரவமாக இளைப்பாறுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வரலாற்றுப் பாடநூல்கள் அருணாசலத்தைப் பற்றிச் சொல்லும் செய்திகளில் பெரும்பாலானவை 1913க்குப் பிற்பட்டவை. 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகம். 1917இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகம். 1919 ஜூனில் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிக் கழகம். அதே ஆண்டு டிசெம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரஸ். அதன் முதல் தலைவர் அவர். 1920இல் தொழிலாளர் சம்மேளனம். 1924 ஜனவரி 9ஆம் திகதி தல யாத்திரை சென்ற இடத்தில், மதுரையில், காலமானார். ஓய்வுக்கும் மரணத்துக்கும் இடையே பத்து ஆண்டுகளும் சில மாதங்களும்.

இந்தப் பத்து ஆண்டுகளை எப்படி விளங்கிக்கொள்வது? பென்சன் எடுத்த மறுநாள் ஒரு ஞானோதயம் பிறந்து பொதுவாழ்வில் குதித்தார் என்று எழுதிவிடுவது எளிது. மேடைகளில் அப்படிப் பேசுவோரும் உளர். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஓய்வின் பின் அவர் கையில் எடுத்த காரியங்கள் ஒவ்வொன்றும், உத்தியோக காலத்தில் அவருடைய மேசையைக் கடந்து சென்றவை. கோப்பை மூடிக் கையொப்பமிட்டவருக்கு அதன் உள்ளடக்கம் மறக்கவில்லை, அவ்வளவே.

பல்கலைக்கழக விடயத்தில் இது வெளிப்படையாகவே தெரிகின்றது. 1906 ஜனவரியில் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தொடங்கியபோது அருணாசலம் இன்னும் அரச உத்தியோகத்தர். அவர் தலைவர், உறவினரான ஆனந்த குமாரசுவாமி அவருக்குத் துணை நின்றார். இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மனனம் செய்து தோற்றுவதையே உயர்கல்வி என்று எண்ணியிருந்த நாட்டில், சொந்தப் பல்கலைக்கழகம் வேண்டும், அதில் சிங்களமும் தமிழும் உரிய இடம்பெற வேண்டும் என்பது அவரது வாதம். உத்தியோகத்தில் இருந்தபடி வாதிடலாம்; போராட முடியாது. சிவில் சேவைக்காரர் அரசாங்கத்தின் கை. கை தலைக்கு எதிராகப் பேசுவதில்லை.

தோட்டத் தொழிலாளர் விடயம் இன்னும் ஆழமானது. இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தொழிலாளருக்கும் துரைமாருக்கும் இடையிலான ஒப்பந்தத்தை நெறிப்படுத்தியது. நெறிப்படுத்தியது என்பது மரியாதையான சொல். அறிவித்தல் கொடாமல் தோட்டத்தை விட்டுப் போனால் சிறை. வேலைக்கு வராவிட்டால், கீழ்ப்படியாவிட்டால் தண்டனை. கடையில் வேலைசெய்யும் கணக்கப்பிள்ளை சொல்லாமல் நின்றுவிட்டால் முதலாளி நட்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம். அவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண் அதையே செய்தால் பிடியாணை வரும். குடியியல் விவகாரமாக இருக்க வேண்டிய ஒன்று குற்றவியல் விவகாரமாக்கப்பட்டிருந்தது.

அதன்மேல் 'துண்டு' முறை. தமிழகக் கிராமத்திலிருந்து ஆள் திரட்டிவரும் கங்காணி வழிச்செலவுக்கும் முற்பணத்துக்கும் கணக்கு எழுதுவார். கடன் தொழிலாளியின் தலையில். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைச் செலுத்தி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் தீர்ந்துவிடாது, புதிய தோட்டத்தின் ஏட்டில் அதே தலையின்மேல் ஏறும். மனிதர் கைமாறுவது ஒரு சிறு காகிதத்தில் நடந்தது. மலையகத்தில் கடனும் கங்காணியும் பற்றி வழங்கும் வாய்மொழிப் பாடல்களைக் கேட்டவர்களுக்கு இந்தத் துண்டு எவ்வளவு கனமான துண்டு என்பது தெரியும்.

நீதவானாக ஊரூராக இருந்தவருக்கு இச்சட்டம் புத்தகத்தில் படித்த செய்தியாக இருந்திருக்க முடியாது. பதிவாளர் நாயகமாகப் பிறப்பையும் இறப்பையும் தொகுத்தவருக்கும், 1901இல் ஏறத்தாழ 36 இலட்சம் மக்களை எண்ணிக் கணக்கெடுத்தவருக்கும், இந்த நாட்டில் எத்தனை பேர் லயங்களில் வாழ்கிறார்கள், எத்தனை பேர் எவ்வாறு இறக்கிறார்கள் என்பது எண்களாகத் தெரிந்திருந்தது. எண்களைத் தொகுக்கும் உத்தியோகத்தருக்கு அவ்வெண்களைப் பற்றிக் கோபிக்கும் உரிமை இல்லை. பென்சன் அந்த உரிமையை அவருக்குக் கொடுத்தது.

ஓய்வின் பின் குடியேற்ற நாட்டு அமைச்சு வரை மனுக்கள் போயின, கூட்டங்கள் நடந்தன. தொழிலாளர் நலன்புரிக் கழகத்தில் அவரோடு நின்றவர்களில் பெரி. சுந்தரம் முக்கியமானவர். மலையகத்தில் கங்காணி குடும்பத்தில் பிறந்து, கண்டித் திரித்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று, பின்னாளில் 1931இல் அரசாங்க சபையின் முதல் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராக வந்தவர். அறுபதைத் தாண்டிய சேர் பட்டக்காரரும் முப்பது வயதை எட்டாத மலையக இளைஞரும் ஒரே கழகத்தில் இருந்தனர் என்பதை நான் சிறிய விடயமாகக் கருதவில்லை. நம்மிடையே ஓய்வுபெற்றவர்கள் தொடங்கும் பெரும்பாலான சங்கங்களில் ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே இருப்பார்கள். தலைவருக்கு வயதானதும் சங்கத்துக்கும் வயதாகிவிடும்.

1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதனையொட்டிய காலத்தில் ஒப்பந்த மீறலுக்கான சிறைத் தண்டனைகளும் நீங்கின. இதை அருணாசலத்தின் தனிச் சாதனை என்று எழுதுவது நியாயமாகாது. இந்தியாவில் எழுந்த எதிர்ப்பும் இந்திய அரசாங்கத்தின் அழுத்தமும் பெரும் காரணங்கள். 1922இல் இந்தியா தன் குடிபெயர்வுச் சட்டத்தையே இறுக்கியது. ஆட்கள் வராமற் போனால் தேயிலை இல்லை என்பது துரைமாருக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் இலங்கைக்கு உள்ளிருந்து, ஆங்கிலம் கற்ற மேல்தட்டிலிருந்து, இதைத் தன் காரியமாக எடுத்துப் பேசியவர்கள் அன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். படித்த இலங்கையர் பலரிடம் தோட்டங்களும் இருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது காரியம் அரசியல். அதுவே அவருக்குப் பெரும்புகழ் தந்தது, பெருந்துயரும் தந்தது. 1917 ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைத் தேசிய சங்கத்தின் சார்பில் 'எமது அரசியல் தேவைகள்' என்ற பொருளில் அவர் நிகழ்த்திய உரையோடு சீர்திருத்த இயக்கம் புதிய உயிர் பெற்றது. அவரை மேடைக்கு அழைத்து வந்தவர்களில் டி. ஆர். விஜேவர்தனா ஒருவர், அடுத்த ஆண்டு 'சிலோன் டெய்லி நியூஸ்' பத்திரிகையைத் தொடங்கியவர். நம் தொழிலைச் சேர்ந்தவர் செய்த நல்ல காரியம் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. 1919 டிசெம்பர் 11ஆம் திகதி தேசிய காங்கிரஸ் தொடங்கியது. சிங்களவரும் தமிழரும் ஒரே அமைப்பில், தலைமையில் ஒரு தமிழர்.

இரண்டே ஆண்டுகள். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்குவதை ஆதரிப்பதாக 1918 டிசெம்பரில் ஜேம்ஸ் பீரிஸும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் எழுத்தில் உறுதி தந்திருந்தனர். அந்த நம்பிக்கையில்தான் யாழ்ப்பாணத்தாரைக் காங்கிரஸுக்குள் அழைத்து வந்தார் அருணாசலம். 1921இல் அந்த உறுதி காற்றிற் போயிற்று. கொழும்பு நகர ஆசனம் ஜேம்ஸ் பீரிஸுக்குச் சென்றது. அருணாசலம் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 1923இல் இலங்கைத் தமிழர் கழகம் தொடங்கினார். அறுபத்தெட்டு வயதில் தாம் கட்டிய வீட்டை விட்டு வெளியேறுவதும், எழுபது வயதில் இன்னொன்றுக்கு அத்திவாரம் இடுவதும் என்ன மனநிலையில் நடந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். அதன் பின் இந்த நாட்டின் இன உறவுகள் சென்ற வழி நம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

ஓய்வுக் காலத்தில் இலக்கு வைத்து உழைத்தவருக்கு எல்லாம் கைகூடியது என்று எழுதினால் அது பொய்யாகும் என்பதற்காகவே இதைச் சொன்னேன். அவரது மிகப்பெரிய இலக்கு அவர் கண்முன்னே உடைந்தது. ஆரவாரம் குறைந்த மற்ற இரண்டும் நிலைத்தன. ஆசனம், உடன்படிக்கை, வாக்குறுதி என்று பிறர் கையில் தங்கியிருந்தது காங்கிரஸ். நீக்கப்பட வேண்டிய சட்டமும் கட்டப்பட வேண்டிய கல்விக்கூடமும் அளவிட்டுச் சொல்லக்கூடிய காரியங்கள். ஒரு நாள் முடிந்தது என்று சொல்லலாம். அல்லது இன்னும் முடியவில்லை என்று சொல்லலாம்.

அண்ணன் இராமநாதனின் ஓய்வையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1892 முதல் 1906 வரை சொலிசிட்டர் ஜெனரலாக இருந்து, ஐம்பத்தைந்து வயதில் அவர் ஓய்வுபெற்றார். 1911இல் படித்த இலங்கையருக்கான ஆசனத்தில் தெரிவானார். தந்தையார் கட்டிய கொழும்பு பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கல்லில் புதுப்பித்தார். 1913இல் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரி. 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. அந்தப் பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில்தான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கி, பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆனது. இரண்டு சகோதரர்கள், இரண்டு பென்சன்கள், கடைசியில் இரண்டு பல்கலைக்கழகங்கள். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு குடும்பம் இருந்ததா என்று எனக்கு ஐயமுண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். சர்வசன வாக்குரிமை வந்தபோது இராமநாதன் அதை எதிர்த்தார். அதற்காக 1930இல் எழுபத்தொன்பது வயதில் இலண்டன் வரை போனார். ஓய்வுக்காலத்தின் உறுதி எப்போதும் நல்ல பக்கத்தில் நிற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இந்த வகை ஓய்வு இலங்கைக்கு மட்டும் உரியதல்ல. உ. வே. சாமிநாதையர் 1919இல் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வுபெற்றார். பெருங்கதை 1924இலும் குறுந்தொகை 1937இலும் வெளிவந்தன. 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் தொடங்கியது 1940 ஜனவரியில். அப்போது அவருக்கு எண்பத்தைந்தாம் வயது நடந்தது. அவரும் ஓய்வின் பின் புதிதாக ஒன்றைத் தேடிப் பிடிக்கவில்லை. கல்லூரி மணி அடிக்கும்வரை பாடம், அதன் பின் ஏடு என்று இருந்தவர், ஓய்வின் பின் மணியை மட்டும் விட்டுவிட்டார். ஓய்வுபெற்ற பின் என்ன செய்யலாம் என்று அறுபதாம் வயதில் யோசிக்கத் தொடங்குபவரின் நிலை வேறு. இதற்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று நாற்பது வயதிலேயே ஏங்கிக்கொண்டிருந்தவரின் நிலை வேறு. அருணாசலமும் ஐயரும் இரண்டாம் வகை. பல்கலைக்கழகச் சங்கத்துக்கும் ஓய்வுக்கும் இடையே அருணாசலத்துக்கு ஏழு ஆண்டுகள் இருந்தன.

பல்கலைக்கழகம் என்னவாயிற்று என்பதற்கு வருவோம். 1921 ஜனவரியில் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அது இலண்டன் பரீட்சைகளுக்கு மாணவரைத் தயார் செய்த இடம். முழுப் பல்கலைக்கழகம் அல்ல. அருணாசலம் தம் கண்ணால் கண்டது அந்த அளவுதான். அவர் மறைந்த பின், பல்கலைக்கழகம் கொழும்பிலா கண்டியிலா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை நடந்தது. கண்டிப் பக்கத்துக்கு வாதாடியவர்களில் அதே விஜேவர்தனா முன்னணியில் நின்றார். முதலில் தும்பறைப் பள்ளத்தாக்கு என்றார்கள். பின்னர் பேராதனை என்றாயிற்று. 1942 ஜூலை 1ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் பிறந்தது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். அடுத்த ஆண்டு தமிழுக்கு முதற் பேராசிரியராக விபுலானந்த அடிகள் வந்தார். சிங்களமும் தமிழும் பல்கலைக்கழகத்தில் உரிய இடம்பெற வேண்டும் என்ற 1906ஆம் ஆண்டுக் கோரிக்கை, முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து ஒரு துறவியின் உருவில் நிறைவேறியது. 1952இல் பல்கலைக்கழகம் ஹந்தானை அடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒரு விடுதிக்கு அருணாசலத்தின் பெயரும் இன்னொன்றுக்கு இராமநாதனின் பெயரும் இடப்பட்டன. பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் அதிபர் மார்ஸுக்கும் ஒரு மண்டபம் உண்டு.

1906இலிருந்து 1952 வரை நாற்பத்தாறு ஆண்டுகள். தொடங்கியவர் இறந்தே இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தனிமனித இலக்குகளைப் பற்றிப் பேசும் நூல்கள் கால எல்லை வகுத்துக்கொள்ளச் சொல்கின்றன. மூன்று மாதம், ஓர் ஆண்டு, ஐந்து ஆண்டு என்று. தம் ஆயுளுக்கு அப்பால் விழும் கால எல்லையை வைத்துக்கொண்டு உழைப்பவரை அந்நூல்கள் எந்தப் பட்டியலில் சேர்க்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

மலையின் மறுபக்கத்தின் கதை அவ்வளவு சீராக அமையவில்லை. சிறைத் தண்டனை போயிற்று, துண்டு போயிற்று, 1927இல் குறைந்தபட்ச வேதனச் சட்டம் வந்தது. ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. பேராதனையில் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே மலையின் மறுசரிவில் வாழ்ந்தவர்கள் இந்த நாட்டுக்கு உரியவரல்லர் என்று சட்டம் எழுதப்பட்டது. அருணாசலம் மண்டபத்தில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு, அருணாசலம் யாருக்காக வாதாடினாரோ அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பல தலைமுறைகளுக்குக் கிட்டவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பரவலாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். நாடற்றவர் பிரச்சினைக்கு முடிவு கட்டிய சட்டம் 2003இல் வந்தது. இன்று பேராதனையில் மலையக மாணவர்கள் படிக்கிறார்கள், விரிவுரை ஆற்றுகிறார்கள், ஆய்வு செய்கிறார்கள். அவர்களில் சிலரிடம் அருணாசலம் மண்டபத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டிருக்கிறேன். யாரோ பழைய அரசியல்வாதி என்பார்கள். துண்டு என்றால் பாட்டி சொல்லிக் கேட்டதாகச் சிலர் சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னவர் எவரும் இல்லை.

இவ்வளவும் அரச பென்சன் உள்ளவரின் கதை என்பதையும் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு மாதமும் வீடு தேடி வரும் ஓய்வூதியம் இல்லாவிட்டால் அருணாசலம் தொழிலாளருக்காக வாதாடியிருப்பாரா? செல்வக் குடும்பம், வாதாடியிருக்கக் கூடும். ஆனால் சாதாரண எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்கும் அந்த மாதப் பணம்தான் இலக்குகளைப் பற்றி யோசிக்கும் தைரியத்தைத் தருகின்றது. பத்திரிகைக்காரருக்கு மாதப் பென்சன் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியில் சேர்ந்த தொகையை ஒரே தடவையில் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால்தான் நம்மில் பலர் இளைப்பாறுவதே இல்லை போலும்.

தோட்டத்திலும் சேமலாப நிதி உண்டு. 1958ஆம் ஆண்டின் சட்டம் அவர்களையும் உள்ளடக்கியது. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் உண்டு. முப்பது, நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்த பெண் 'பெயரை வெட்டி' வெளியே வரும்போது ஒரு தொகை கைக்கு வரும். மகளின் கல்யாணம், லயத்துக் கூரைத் தகரம், பழைய நகை அடகு என்று அது போகும் வழிகள் பெரும்பாலும் முன்னரே எழுதப்பட்டிருக்கும். குடியிருக்கும் அறையோ தோட்டத்துக்குரியது. பல தோட்டங்களில், வீட்டில் ஒருவராவது பெயர் பதிந்து வேலை செய்தால்தான் அதில் நிம்மதியாக இருக்கலாம் என்ற அச்சம் இன்றும் போகவில்லை. ஆகவே பெயர் வெட்டிய பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள்.

ஹந்தானை வீதியில் காலை வேளைகளில் ஓய்வுபெற்ற கனவான்கள் நடைப்பயிற்சிக்கு ஏறுவதுண்டு. மருத்துவர் சொன்ன கிலோமீற்றர் கணக்கு அவர்களுக்கு. அதே வீதியில் கூடையோடு இறங்கும் வயோதிபப் பெண்களுக்கும் கணக்கு உண்டு; அது கிலோகிராமில்.